சம்பந்தி கொடுத்த சுவர்க் கடிகாரம்

"ஹலோ... யாரு, சோழவந்தான் மாப்ளயா? சொல்லு முத்திருளா!"

மில்லில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஆண்டிச்சாமிக்கு, காளவாசல் வீட்டில் போன் அடித்தாலே திருவிழாதான். நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"ஆமா... ஆமா... உன் மருமக சீரோட வந்த ஜெர்மன் கடியாரம். உன் சம்பந்தி கண்ணுச்சாமி குடுத்தது... என்னது, போலியா? ஊரக் கூட்டிச் சொல்லிட்டியா?... அந்தப் புள்ள பெட்டியக் கட்டிருச்சா! கூப்பிட்டுப் போக அவரு வாராரா?... அடேயப்பா! எத வச்சுய்யா போலின்னு சொன்ன?"

"...ரோமன் எழுத்துல நாலாம் நம்பருக்கு, V போடாம நாலு கோடா? ஹஹ்ஹா! ஏ மாப்ள, அந்தக் காலத்துக் கடியாரத்துல நாலுக்கு நாலு கோடுதான்யா போடுவான்! உன் கைக்கடியாரத்தப் பாத்தா அவன் எழுதுவான்? சரி, முகம் தகரமா, பீங்கானா?... பீங்கான். மயிரிழையா விரிசல்?... இருக்குல்ல? நூறு வருஷம்யா! மரம் என்ன கலரு?... பச்சையா? தேக்குல ஏதுய்யா பச்சை?... ஓ, நீ பெயிண்ட் அடிச்சதா! மாட்டுக் கொம்புக்கு அடிச்ச மிச்சமா? நல்லவேள, கழுத்துல சலங்கை கட்டாம விட்ட!"

"கோவிச்சுக்கிறாத. மணி அடிக்குதா?... அடிக்கலையா? சாவி குடுக்க ரெண்டு ஓட்டை இருக்குமே... ஸ்டிக்கர் ஒட்டி மூடிட்டியா?... பேட்டரி மிஷினு மாட்டிட்டியா! வாரத்துக்கு ஒருக்கா சாவி குடுக்கக் கை வலிக்குதோ?"

சட்டென்று ஆண்டிச்சாமியின் சிரிப்பு நின்றது. சம்மணம் தானாகக் கலைந்தது.

"உள்ள இருந்த பித்தள மிஷினு எங்க?... பழைய இரும்பு வாங்குற சைக்கிள்காரன்கிட்டயா? பேரீச்சம்பழத்துக்கா! எம்புட்டுக் குடுத்தான்?... ஒரு பொட்டலம்! அடப்பாவி, ஜெர்மன்காரன் கப்பல்ல ஏத்தி அனுப்புனத, நீ கொட்டையத் துப்பிட்டு முழுங்கிட்டியேய்யா!"

"...வாசல்ல ஆட்டோவா? அவரு இறங்கிட்டாரா? பதறாத மாப்ள. கடியாரம் ஒரிஜினல், நீதான் போலி. பழம் மிச்சம் இருக்கா?... நாலா? கோட்டுக்கு ஒண்ணாப் போச்சு! தட்டுல வச்சு நீட்டு... ஹலோ? மாப்ள?"

மறுமுனையில் குரல் மாறியது. ஆண்டிச்சாமி எழுந்து நின்று துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கண்ணுச்சாமி அண்ணேயா? வணக்கம்ணே... ஒரிஜினல்தான்ணே, நூத்துக்கு நூறு! பொண்ணப் பெட்டியப் பிரிக்கச் சொல்லுங்க... ஆமாண்ணே... மணி ஏன் அடிக்கலைன்னா கேக்குறீங்க?"

ஒரு கணம் யோசித்தார். மீசைக்குள் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லண்ணே. உங்க சம்பந்தி வாயத் தொறக்கச் சொல்லி மோந்து பாருங்க."

ரிசீவரை வைத்தார்.