சாட்சிகளோடு வந்த இரும்பண்ணன்

அவையை அலங்கரிக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, ஊசி முனையிலும் அன்பு காட்டும் மூத்த செவிலியர்களே, வாசல் வரை நிறைந்திருக்கும் தாய்மார்களே, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் கையை நீட்டத் தவறாத நல்லோரே, வணக்கம்.

எச்.ஐ.வி.க்குத் தரும் மருந்துகளில் அபகாவிர் என்று ஒன்று. பலருக்கு அது நண்பன். ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களுக்கோ காய்ச்சலாய், தடிப்பாய், மூச்சுத் திணறலாய் வந்து உயிருக்கே உலை வைக்கக்கூடிய பகைவன். யாருக்கு நண்பன், யாருக்குப் பகைவன்? முகத்தைப் பார்த்தால் தெரியுமா? மூக்கைப் பார்த்தால் தெரியுமா? எங்கள் ஆய்வகத்தில் கொஞ்சம் இரத்தத்தைப் பார்த்தால் தெரியும்.

வீடு மாற்றுகிறவர்களின் பீரோக்களைத் தூக்கும் ஒருவர் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், இரும்பண்ணன் என்போம். அந்த மரபணு அவருக்கு இருந்தது. மாத்திரை ஆகாது என்றேன்.

"எனக்கா ஆகாது? வார்னிஷை டீன்னு நெனச்சு அரை டம்ளர் குடிச்சவன்மா நான். ஏப்பந்தான் வந்துச்சு."

மறுநாள் லாரி நிறையச் சாட்சிகளோடு வந்துவிட்டார். எந்த நோய், என்ன மருந்து என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணனுக்கு எல்லாமே ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"மேடம், மூணு குளவி கொட்டியும் பீரோவைக் கீழ வைக்கலை இவரு."

என்னண்ணே, நான்கு குளவியா? சரி. மூன்றாம் வரிசையிலிருந்து திருத்தம் வந்திருக்கிறது. நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அவை கவனிக்க வேண்டும்.

நான் அசையவில்லை. இரும்பண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். மருந்து வரிசையில் யாரிடமோ கேட்டு வாங்கிய அதே அபகாவிர். "இப்ப முழுங்குறேன். ஒண்ணும் ஆகலைன்னா உங்க மெஷினைத் தூக்கித் தெருவுல வெச்சுருவேன்."

மாத்திரை உதட்டுக்குப் போய்விட்டது. நான் கேட்டேன்: "அண்ணே, வாசலை அளக்காம பீரோவைத் தூக்குவீங்களா?"

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு சாட்சி முந்திக்கொண்டார். "போன மாசம் தூக்கினாரே மேடம். நிலையோட சுவரும் வந்துருச்சு."

"வாயை மூடுடா." அதைச் சொல்வதற்காக அண்ணன் மாத்திரையை உதட்டிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததை என் மேசையில் வைத்தார். "சரி, எனக்கு நுழையற மாதிரி வேற குடுங்க."

ஏழையின் இரத்தமா, எஜமானின் இரத்தமா? எங்கள் கருவி கேட்பதில்லை. வீரனா, கோழையா? கேட்பதில்லை. இந்த உடலுக்குள் இந்த மருந்து நுழையலாமா? அது ஒன்றைத்தான் கேட்கிறது. உயிர் போன பின் கேட்பதா? உதட்டுக்கு வரும் முன் கேட்போம்.

அண்ணே, உட்காருங்கள். நான் பெயர் சொல்லவில்லை. நீங்கள் எழ வேண்டிய அவசியமே இல்லை.

எழுந்துவிட்டார். அவையோரே, என் நன்றியும் வணக்கமும் உங்களுக்கு; உங்கள் கைதட்டல் அவருக்கு.