துணைக்கால்

இல்லண்ணா, அதான் வேணாங்கிறேன். ஷட்டவுன் பண்ணாம புது லேப்டாப்புக்கு மாத்தித் தர முடியுமான்னுதான் கேட்டேன்.

நீங்க சொல்றது புரியாம இல்ல. ஆஃபீஸ்ல என் வேலையே இதானே. கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர் இருக்குல்ல, வெர்ச்சுவல் மெஷின், அதை ஒரு சாஃப்ட்வேர்லருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டுறது. மொதல்ல ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க, பாதியில தூங்க வச்சதை வேற சாஃப்ட்வேர்ல எழுப்ப முடியாதுன்னு போன்ல எல்லார்கிட்டயும் கத்துறவ நான். இப்ப உங்க ரிப்பேர் கடையில நின்னுக்கிட்டு நானே அடம்பிடிக்கிறேன். சிரிக்காதீங்க.

ம்… இந்தப் பழைய லேப்டாப்புல போர்டு போயிட்டிருக்கு, தெரியும். நேத்துகூட தானா அணைஞ்சிடுச்சு. புது லேப்டாப்ல இந்தப் பழைய சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேங்குது. முட்டி மோதிப் பார்த்துட்டேன்.

உள்ள என்னவா? ஆஃபீஸ் ஃபைலெல்லாம் இல்லண்ணா. எங்கப்பாவுக்குன்னு பண்ண மெஷின். அப்பா லோடு ஏத்தி இறக்குறவரு. வீட்ல காலேஜ் படியேறின மொத ஆள் நான், வீட்டுக்கு வந்த மொத கம்ப்யூட்டர் இது. தூசி இருந்தாகூட ஊதுவாரே தவிர தொட மாட்டாரு. அதான் உள்ள தனியா ஒண்ணு பண்ணி, இது உங்களுதுப்பா, இஷ்டத்துக்குத் தட்டுங்க, கெட்டா பழையபடி ஆக்கிடுவேன்னு உட்கார வச்சேன். மெஷினுக்குள்ள மெஷினா, இதுக்கு எத்தனாவது மாசம் பாப்பான்னு கேட்டாரு. அம்மா சிரிச்ச சிரிப்புல புரையேறிடுச்சு.

விரல் தடிமன் பாருங்க, ஒரு தடவ வச்சா ரெண்டு எழுத்து விழும். அழிப்பாரு. மறுபடி ரெண்டு விழும். கெட்டுப்போச்சா பாப்பான்னு என் மூஞ்சியப் பார்ப்பாரு. ஒண்ணும் கெடலப்பாம்பேன்.

ஐயோ, திறக்காதீங்கண்ணா! இப்ப எழுப்பினா உள்ள இருக்கிற கடிகாரம் இன்னைக்குத் தேதிக்குத் தாவிடும். உள்ள இன்னும் அன்னைக்கு மத்தியானம்தான். வெளிய சின்னதா படம் தெரியுதுல்ல, அதுலயே பாருங்க.

ஆமா, சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ணலாம். யோசிக்காம இல்ல. சேவ் பண்ண என்ன இருக்கு, மூணு எழுத்து.

‘பாப்ப’ன்னு தப்பா இருக்கா? தப்பில்லண்ணா. பாப்பாங்கிறது நான்தான். உங்க பேர மொதல்ல அடிங்கப்பான்னேன். ம்ஹூம், உன்னைத்தான் மொதல்ல அடிப்பேன்னு சிரிச்சாரு. என்னை ஒரு அடி அடிச்சதில்ல மனுஷன். மொதத் துணைக்கால் எங்க இருக்குன்னு நான் காட்டினேன். ரெண்டாவத நீ சொல்லாத, நானே கண்டுபிடிக்கிறேன்னுட்டாரு. தேடுறாரு, தேடுறாரு. பாப்பா, காலைக் காணோமேன்னாரு. கீழதாம்ப்பா இருக்கும்னேன். வேணும்னே குனிஞ்சு டேபிளுக்கு அடியில பார்த்தாரு.

அதுக்குள்ள அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. இப்படியே வையி, வந்து தேடிக்கிறேன், நீ போட்டுடாதன்னு சொல்லிட்டு எழுந்தாரு. நானும் தூங்க வச்சுட்டு மூடினேன்.

வரலண்ணா. கை கழுவப் போன எடத்துலயே சாஞ்சிட்டாரு.

அதான்… ஷட்டவுன் பண்ணா எழுதி முடிச்சிட்டாருன்னு ஆயிடும்ல. இப்பன்னா இன்னும் தேடிட்டுதானே இருக்காரு.

இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். இந்த போர்டு இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்? அவ்வளவுதானா. தானா செத்துப்போனா, எழுப்ப வேற மெஷின் இல்லாம அந்த மூணு எழுத்தும் போயிடும், இல்ல?

சரிண்ணா. நீங்களே சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் கொடுத்துடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு. தப்பா இருக்கேன்னு கைதவறிக்கூட அந்தக் காலை மட்டும் போட்டுடாதீங்க.