மூன்றாம் நம்பர் கடையின் ஷட்டர்

"மூடு! மூடுடா! வந்துட்டானுங்க!"

அண்ணன் கத்துகிறார். நான் ஷட்டரை இழுக்கிறேன். வியாழக்கிழமை. பகல் இரண்டரை மணி. மர்பி டவுன் முனையில் கண்ணாடி உடைகிற சத்தம். முதலில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை.

ஆற்றுத் தண்ணீருக்காக ஊர் எரிந்த வாரம் அது. தமிழன் கடை எது என்று தேடி வந்தார்கள். அண்ணன் ஆரோக்கியம் தையல்காரர். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியவர். ஓட முடியாது. அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டினேன். பூட்டிய கடையை விட்டுவிடுவார்களாம். என்ன புத்திசாலித்தனம், பாருங்கள்!

எங்களுக்கு முன் அங்கே போட்டோ ஸ்டுடியோ. அதற்கும் முன் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பூட்ஸ் தைத்தவர். ஸ்டுடியோக்காரர் ஷட்டரில் ஓர் இடுக்கு வெட்டியிருந்தார். கடை மூடியிருந்தாலும் பிலிம் ரோலைப் போட்டுவிட்டுப் போகலாம்.

"சாவிய உள்ள போட்டுடு தம்பி! உன்னப் புடிச்சா புடுங்கிக்குவானுங்க!"

போட்டேன். சிமெண்ட் தரையில் டங் என்று விழுந்தது. இன்னும் கேட்கிறது.

ஓடினேன். எதிரே டயர் கடை மஞ்சண்ணா. கன்னடக்காரர். என்னை இழுத்து டயர்களுக்குப் பின்னால் தள்ளினார். "பாயி முச்சு!" என்று என் வாயைப் பொத்தினார்.

அதே இடுக்கு வழியாகப் பெட்ரோல் ஊற்றினார்கள். குப்பென்று ஒரு சத்தம். உடனே அண்ணனின் குரல்.

"தம்பி! சாவி! சாவிய வாங்குடா!"

மஞ்சண்ணா என்னைப் பிடித்துக்கொண்டார், அதனால் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். அவர் என்னை விட்டுவிட்டுக் கடப்பாரையோடு ஓடினார். பூட்டில் இரண்டு அடி அடித்தார். மூன்றாவது அடிக்குள் அவரைத் தடியால் அடித்துச் சாய்த்தார்கள். நான் டயர்களுக்குப் பின்னாலேயே இருந்தேன். இருபதடி தூரம். கால் வரவில்லை. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன.

போன மாதம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். இங்கே முன்பு என்ன இருந்தது என்று இன்ஜினியர் கேட்டார். கேட்டதால் சொல்கிறேன்.

அண்ணன் போனார். தையல் மெஷின் இரண்டு போயின. லிங்கராஜபுரத்து மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு, ஒரு கை தைக்காமலே எரிந்தது. மஞ்சண்ணாவின் வலது மணிக்கட்டு பிறகு மடங்கவே இல்லை.

தீ அணைந்த பிறகு சாவி மட்டும் கிடைத்தது. இடுக்கில், பாதி வெளியே நீட்டியபடி.