மொன்வால் துரை எந்தத் தெருவுக்காரர்?

கல்வராயன் மலை நிழல் சாய்கின்ற இந்தக் கோட்டைமேட்டிலே, தோளில் துண்டும் நெஞ்சில் பாரமுமாகத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஏரிப் பாசனத் தலைவர் ஐயா வீரமுத்து அவர்களே! அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாலும் அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் மாதாகோயில் தெரு நாட்டாண்மை ஐயா வியாகுலம் அவர்களே! வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஊர்த்தெருப் பெரியோர்களே! இடப்பக்கம் அமர்ந்திருக்கும் மாதாகோயில் தெருப் பெரியோர்களே! எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நடுவிலே நின்றுகொண்டே இருக்கும் அன்புத் தாய்மார்களே! திருக்கோவிலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் தலை சுற்றி வந்திருக்கும் இந்தத் தமிழழகனின் பணிவான வணக்கம்!

தலை சுற்றியது பஸ்ஸால் அல்ல. நீங்கள் கொடுத்த வேலையால்!

ஏரி நிரம்பிக் கிடக்கிறது. மதகு மூடிக் கிடக்கிறது. ஏன்? மதகு திறக்கும் நாளில் முதல் குடம் தண்ணீரை மொன்வால் துரையின் கல்லறைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றியவருக்குப் பரிவட்டம் கட்ட வேண்டும். அதுதான் உங்கள் ஊர் வழக்கம். போன வருஷம் வரை ஊற்றிய பெரியவர் அம்மாசி வாரிசு இல்லாமல் கண்மூடிவிட்டார். இனி யார் ஊற்றுவது? துரை எங்கள் ஆள் என்கிறது ஊர்த்தெரு. இல்லை, எங்கள் ஆள் என்கிறது மாதாகோயில் தெரு. துரையின் வரலாற்றைச் சொல்லித் தீர்ப்பும் சொல்ல என்னை அழைத்துவிட்டீர்கள். தீர்ப்பு வரும்வரை சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று இரண்டு தெருவும் சொல்லிவிட்டது. இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

சொல்கிறேன், கேளுங்கள். கடலுக்கு அப்பால், பனிக்கு நடுவே, பிரெஞ்சு மண்ணிலே பிறந்தவர் மொன்வால். செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை என்கிறது ஊர்த்தெரு. செருப்புத் தைப்பவர் மகன் என்கிறது மாதாகோயில் தெரு. புதுச்சேரிக்குக் கப்பலில் வந்தார். வாளோடு வந்தாரா, வாந்தியோடு வந்தாரா? வாந்தியோடுதான் என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். அப்பாடா, ஒன்றாவது ஒத்துப்போகிறதே என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு படிப்படியாக உயர்ந்தார். பத்துப் பேருக்குத் தலைவர், நூறு பேருக்குத் தலைவர், படைக்கே தளபதி! தென்பெண்ணைக் கரையிலே ஆங்கிலேயனோடு மோதினார். வென்றாரா? வென்றார் என்கிறார் ஐயா வீரமுத்து. தோற்றார் என்கிறார் ஐயா வியாகுலம். வென்றுவிட்டு எதற்கய்யா ராத்திரியோடு ராத்திரியாக இந்த மலைக்கோட்டைக்கு ஓடி வந்தார்? தோற்றவரென்றால் எதற்கய்யா வழியெல்லாம் ஆரத்தி எடுத்தார்கள்?

என்னங்க, பின்னால் இருந்து?

"அய்யனாருக்கு மணி வாங்கிக் குடுத்தது அவருதாங்க!"

சரி, மணி கொடுத்தார். அப்போது ஊர்த்தெருவுக்காரர்.

"இன்னாத்த சொல்ற நீ! சாவுறப்ப ஜெபமாலையப் புடிச்சிக்கினு தான் செத்தாரு!"

சரி, ஜெபமாலையும் பிடித்தார். அப்போது மாதாகோயில் தெருவுக்காரர். ஐயா, இரண்டையும் செய்த மனிதரை நான் எந்தப் பக்கம் உட்கார வைப்பேன்? தாய்மார்களோடு நடுவில் நிற்க வைக்கலாமா? சிரிக்காதீர்கள்! நான் நிஜமாகவே குழம்பிப்போயிருக்கிறேன். முப்பது வருஷமாக மேடை ஏறுகிறேன். யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே தெரியாமல் பேசுவது இதுதான் முதல் தடவை.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் இரண்டு தெருவும் எழுத்துப் பிசகாமல் ஒரே கதையைச் சொன்னீர்கள். அவருடைய கடைசிப் போர்.

கோடைக்காலம். கோட்டையைச் சுற்றி ஆங்கிலேயப் படை. மேலே கோட்டைக் கிணறு வற்றுகிறது. கீழே இதே ஏரி தளும்புகிறது. ஆங்கிலேயன் ஆள் அனுப்பினான்: இறங்கி வாருங்கள், உயிருக்குப் பழுதில்லை, தண்ணீர் குடியுங்கள். துரை என்ன சொன்னார்? இறங்குகிறேன். ஆனால் என் கொடி பறக்க வேண்டும், என் முரசு முழங்க வேண்டும், உன் படை எனக்கு முதலில் மரியாதை செய்ய வேண்டும்! கொடிக்குச் சரி, முரசுக்கு முடியாது என்றான் அவன். முரசில்லாமல் முடியாது என்றார் இவர். ஆள் போனான், ஆள் வந்தான். ஆள் வந்தான், ஆள் போனான். கிணற்றில் சேறு வந்தது. சேறும் காய்ந்தது. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் யார்? பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம். மீதி எல்லாம் உங்கள் பாட்டன்மார்! இந்தத் தெருவும் அந்தத் தெருவும் ஒரே சுவரில் சாய்ந்து நாக்கு வறண்டு செத்தார்கள். ஏரி கண்ணுக்கு எதிரே இருந்தது ஐயா! கண்ணுக்கு எதிரே இருந்தது!

கடைசியில் ஆங்கிலேயன் இணங்கினான். முரசு அடித்துக்கொள் என்றான். அடித்தார்கள். கொடி பறந்தது, முரசு முழங்கியது, மரியாதை கிடைத்தது. துரை இறங்கி வந்தார். முரசுக்காரனையும் கொடிக்காரனையும் தவிர, பின்னால் நடந்து வர ஆள் இல்லை.

கரைக்கு வந்தவர் குனிந்து தண்ணீர் அள்ளவில்லையாம். செத்தவர்கள் குடிக்காததை நான் எப்படிக் குடிப்பேன் என்று அங்கேயே உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. அதனால்தானே அவர் கல்லறைக்கு வருஷாவருஷம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

யாரம்மா அது எழுந்தது? கடைமடையில் நெல் வைத்திருக்கும் கொளஞ்சியம்மாளா? பேசுங்கள் தாயே, கூச்சப்படாமல் பேசுங்கள்!

"அய்யா, தொர எந்தத் தெருவா வேணா இருந்துட்டுப் போவட்டுங்க. இத்தினி நாளு மழத் தண்ணியில பயிரு வந்துட்டுது. இப்ப கதிரு வெளிய வர்ற நேரம். என் நெலம் வெடிச்சிக் கெடக்குது. எம் பொண்ணு ஷாலினி காலேஜி படிப்பு அந்த நெல்ல நம்பித்தாங்க இருக்குது. நாளிக்கு தண்ணி வந்தா நெல்லு. நாலு நாளு களிச்சி வந்தா வெறும் வைக்கோலு. நீங்க இன்னா தீர்ப்பு வேணா சொல்லுங்க, சீக்கிரம் சொல்லிட்டுப் போங்க."

ஐயா வீரமுத்து அவர்களே, ஐயா வியாகுலம் அவர்களே, கேட்டீர்களா? தீர்ப்பா கேட்டீர்கள்? துரை எந்தத் தெருவுக்காரர் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது! ஆனால் இந்த மாசி மாதத்திலே, முரசு வேண்டும், முதல் மரியாதை வேண்டும் என்று தண்ணீரை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நீங்கள் யார் என்று தெரிந்துவிட்டது. நீங்கள் இரண்டு தெருவும் அந்தத் துரைதான்! கோட்டைக்குள் சாய்ந்து கிடப்பது கொளஞ்சியம்மாள்!

கை தட்டாதீர்கள். கை தட்டினால் கதிர் வராது.

என்ன ஐயா தலைவரே, எழுந்துவிட்டீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லையே! இடுப்பில் இருந்து மதகுச் சாவியை எடுக்கிறாரே... யாரிடம் நீட்டுகிறார்? ஐயா வியாகுலம் எழுந்துவிட்டார். சாவியை வாங்கவில்லை. "நீயே வெச்சிக்கினு வா, சக்கரத்த ரெண்டு பேரும் புடிப்போம், ஒண்டியா சுத்த முடியாது உன்னால" என்கிறார். அடடா, வலப்பக்கமும் எழுகிறது, இடப்பக்கமும் எழுகிறது. மெதுவாகப் போங்கள், வரப்பு குறுகல்!

என் பேச்சின் நடுவே கூட்டம் எழுந்து போனால் எனக்கு ஆத்திரம் வரும். ஊர் ஊராகச் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்கிறேன், வரப்பில் இறங்கி நடக்கும் ஒவ்வொரு முதுகுக்கும் என் நன்றி! காலி நாற்காலிகளே, கேட்டதற்கு உங்களுக்கும் நன்றி! மைக் செட்டுக்காரர் தங்கதுரை அவர்களே, நீங்கள் ஏன் இன்னும் நிற்கிறீர்கள்? மதகுச் சக்கரம் துருப்பிடித்திருக்குமாம், ஆள் வேண்டுமாம். வாருங்கள், நானும் வருகிறேன். வணக்கம்!