நூர்ஸ் வெட்டும் முறை

மழை வாசனை அடிக்கும் நாளில் நூர்ஸைத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் வெட்டிய இடம் அழுகும், அழுகல் வேர்வரை இறங்கிவிடும். குளிர்காலத்தில், நன்றாகக் காய்ந்த காலையில்தான் வெட்ட வேண்டும். நீங்கள் யான்சன்வில்லுக்குப் புதியவர், சார்ஜன்ட் ஐயா, அதனால் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு வரும் வழியெல்லாம் பார்த்திருப்பீர்களே, நீலம் படர்ந்த முள்கள்ளி, அதுதான் நூர்ஸ். புல் தீர்ந்துபோனால் எங்கள் ஆடுகளுக்கு அதை விட்டால் வேறு தீனி இல்லை.

தண்டு இடுப்பு மாதிரி ஒடுங்கும் இடத்தில் வெட்ட வேண்டும். ஒரு புதரில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒரு முழம் வளர வருஷக்கணக்காகும். வெட்டியதை வெயிலில் போட்டுப் பால் வற்றிய பிறகுதான் ஆட்டுக்கு வைப்போம். எல்லாவற்றையும்விட முக்கியம், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது. அந்தப் பால் தெறித்தால் கண் போய்விடும்.

யாஃப்தா என் தம்பி. அவனுக்கு நடக்க வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்கென்று வேறு யாரும் வாய்க்கவில்லை, நானும் தேடவில்லை.

போன குளிர்காலத்தில் அவனுக்குப் போர்ட் எலிசபெத்தில் கார் கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்கத்துப் பண்ணை ஃபானஸ் மாமா லாரியை நிறுத்திவிட்டு வந்து கிண்டல் செய்தார்.

"திங்கக்கிழமை பஸ் ஏறுறியாமேடா? நீ போயிட்டா உங்கக்கா கத்ரீனா யாரைத் திட்டுவா?"

"ஆட்டைத் திட்டட்டும் மாமா. அதுங்கதான் எதுத்துப் பேசாது."

நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை இருவரும் நூர்ஸ் வெட்டினோம். "என்னக்கா, மாப்பிள்ளைக்கு முடி வெட்டுற மாதிரி பாத்துப் பாத்து வெட்டுற," என்று என் பக்கம் திரும்பினான். அவன் கத்தி தண்டில் பாதி இறங்கியிருந்தது. காற்று மாறியதை நான் கவனித்தேன். 'திரும்பி நில்லுடா' என்ற வார்த்தை வாயில் இருந்தது. சொல்லவில்லை. காற்றை நான் மாற்றவில்லை, ஐயா.

அந்தப் பஸ் அவன் இல்லாமல் போயிற்று.

கண்ணில் நூர்ஸ் பட்டால் எங்கள் பக்கம் ஆட்டுப்பால் விட்டுக் கழுவுவோம். தினமும் சாயங்காலம் அவனை நாற்காலியில் உட்காரவைத்து நான்தான் கழுவினேன். சின்ன வயதில் முகம் துடைத்துவிட்டது மாதிரியே இருந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் வாசலிலிருந்து கத்தினான். "அக்கா, கிணத்துக் காத்தாடி சுத்துறது தெரியுது! அடுத்த வாரம் கெளம்பிடலாம் போல."

பட்டிக்குப் பின்னால் போய் ஒரு தண்டில் நகத்தால் லேசாகக் கீறினேன். ஆட்டுப்பாலும் வெள்ளை, நூர்ஸ் பாலும் வெள்ளை. ஒரு துளி கலந்தால் கிண்ணத்தில் தெரியாது.

"இன்னைக்கு ரொம்ப எரியுதுக்கா."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். ஆடாம இரு."

நிறைய விட்டால் ஒரேயடியாகப் போய்விடும். அது பாவம். வெளிச்சம் தெரிய ஆரம்பித்தால் ஒரு துளி, அப்புறம் நாலைந்து வாரம் வெறும் பால்தான். மெதுவாக வளர்வதை அப்படித்தான் பக்குவமாகக் கழிக்க வேண்டும். அவசரப்படக்கூடாது.

சில மாதங்களில் எரிகிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டான். கிண்ணத்தை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டதும் அவனே நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முகத்தை உயர்த்துவான். அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்று யோசிக்கிறேன். இப்போது எந்தப் புதரைப் பார்த்தாலும் முகத்தை உயர்த்திக்கொண்டு நிற்பது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவன் எழுந்து போகவில்லையே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கண் ஏன் இன்னும் ஆறவில்லை என்று கிளினிக் நர்ஸ் வீட்டுக்கே வந்து கிண்ணத்தைக் கேட்டாள். நான் ஒளிக்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன்.

ஆமாம், செய்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில் அவன் அந்தப் போர்ட் எலிசபெத்துக்கே போய்விட்டான், ஆம்புலன்ஸில். அங்கே ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை யார் கழுவுகிறார்கள்? பழகாத கை, நோகும். சாயங்காலம் ஒரு தடவை மட்டும் என்னை உள்ளே விடச் சொல்லுங்கள். அளவு எனக்குத்தான் தெரியும்.