இனிக்காத ஸ்வீட் கார்ன்

அத்திபெலே போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். காலடியில், மார்க்கெட்டில் யாரும் வாங்காமல் திரும்பி வந்த ஸ்வீட் கார்ன் மூட்டை. அந்த அம்மா ஒரு கதிரை உரித்துக் கடித்துப் பார்த்தார்.

"தண்ணிய மெல்ற மாதிரி இருக்குங்க."

"நுனியில மணியும் பிடிக்கல. அதான் ஒரு வியாபாரியும் வாங்கல."

"பொட்டாஷ் உரமும் போடணும்னு அப்பவே சொன்னேன்."

"கடையில ஸ்டாக் இல்லைன்னான். யூரியாவே போதும்னு நினைச்சுட்டேன். பயிரும் பச்சைப்பசேல்னு வளர்ந்துச்சே."

"வளர்ந்துச்சு. ஒரு காத்துக்குப் பாதி சாஞ்சுடுச்சு."

பஸ் சந்தாபுராவைத் தாண்டியது. கணவர் மூட்டையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"அடுத்த போகத்துக்கு எங்கயாவது தேடிப் பொட்டாஷ் வாங்கிட்டு வந்துடறேன்."

"இன்னொரு போகமா? என்னால முடியலங்க. லேஅவுட் போட்டு மனை விக்கிறவரு கேட்டாரே, நிலத்தைக் குடுத்துடலாம்."

கணவர் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்; அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அவருக்குப் போன் பண்றேன்," என்றார் அவர்.