டபுள் எக்ஸெல்

— அந்தப் பையில இன்னாடா கீது, இசக்கி?

— எந்தப் பை?

— மடியில வச்சு கட்டிப் புடிச்சிகினு வரியே, அந்த மஞ்சப் பை. வாலாஜாபாத்ல பஸ் ஏறுனதுலேர்ந்து பாக்குறேன்.

— ஒண்ணுமில்ல டே.

— மிச்சரா?

— இல்ல.

— அல்வாவா? ஊர்லேர்ந்து எவனாவது வந்தானா?

— ஒண்ணுமில்லங்கேன்லா. பேரு செந்தமிழன். பேசுத பேச்சப் பாரு, கீது கீதுன்னு.

— பேச்ச மாத்தாத. சரி, ஃபார்மை எடு. வாரணவாசி தாண்டியாச்சு. ரெண்டு மணி ஷிஃப்ட் ஏறங்காட்டியும் எச்.ஆர். பொட்டியில போட்டாவணும். யூனிஃபார்ம் சைசு குடுக்காதவன் நம்ம லைன்லயே நீ ஒருத்தன்தான்.

— எழுதிட்டேன்.

— காட்டு... இன்னாடா இது, டபுள் எக்ஸெல்லா?

— ஆமா.

— அதுவும் பென்சில்ல எழுதிகீற.

— பேனா எழுதல.

— பேனா எழுதலையா, உனுக்கே சந்தேகமா? லார்ஜ் போதும்டா உனுக்கு.

— மெதுவாப் பேசு. பின்னாடி நம்ம லைன் ஜோயல் இருக்கான்.

— அவன் காதுல பாட்டு மாட்டிகினு தூங்குறான். அத்த அழிச்சிட்டு லார்ஜ்னு போடு.

— போன வருசமும் லார்ஜ்னுதான் போட்டேன். என்ன ஆச்சு?

— அது போன வருசம்பா.

— என்ன ஆச்சு, சொல்லு டே. ரெண்டு மாசம் சோத்தக் கண்ணுல பாக்காம, பவுடரக் கலக்கிக் குடிச்சு, பதினஞ்சு கிலோ எறக்குனேன். நெஞ்ச நிமித்திக்கிட்டு லார்ஜ்னு எழுதிக் குடுத்தேன். சட்டை வர நாலு மாசம். அதுக்குள்ள பதினெட்டு கிலோ ஏறிட்டேன். ஆயுத பூசைக்குப் புதுச் சட்டை போட்டுத்தான் நிக்கணும்னாங்க. மிஷின் முன்னாடி ஃபோட்டோ. மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்கேன்...

— வுடு மச்சி.

— பட்டன் தெறிச்சு பூசணிக்கா மேல போயி விழுந்துச்சு.

— நான் சிரிக்கல.

— நீ சிரிக்கல. லைன் மொத்தமும் சிரிச்சுச்சுல்லா. அன்னிக்கு வச்ச பேருதான கன்டெய்னர்? ரோட்டுல லாரி போனாக்கூட, ‘உங்க அண்ணன் போறாரு, வணக்கம் வையி’ங்கானுவ.

— இப்ப எவன் சொல்றான்?

— இப்பச் சொல்லல. திரும்ப ஏறட்டும்னு காத்துக் கெடக்கானுவ.

— அவனுங்களுக்கு வேற வேல இல்லையா? ஓ.டி. பாக்கவே நேரமில்ல.

— திரும்ப எடை எறங்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு, செந்தமிழா. எனக்கு எதுவுமே இம்புட்டு நாளு நின்னதில்ல. அதான் பயமா இருக்கு. அடுத்த வாரம் வேற நைட்டு ஷிஃப்ட். மூணு மணிக்கு கேன்டீன்ல போண்டா வாசம் வரும்...

— போன தபா நைட்டுல இன்னா பண்ண?

— ரெண்டு தின்னேன்.

— மூணாவது கேட்டியா?

— கேக்கல. ஆனா நெனச்சேன்.

— நெனைக்கிறதுக்கெல்லாம் எடை ஏறாதுடா.

— உனக்கு எல்லாம் வெளையாட்டு.

— வெளையாட்டா? உன் தங்கச்சி கல்யாணத்துல எத்தினி பூரி துன்ன?

— இப்ப எதுக்கு அது?

— எத்தினி?

— ...பதினாறு. மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு உனக்கு ஃபோன் போட்டு அழுதேம்லா.

— மறுநா காலைல?

— மறுநாளா... நாலு இட்லி தின்னேன்.

— அதான்! போன வருசமா இருந்தா மூணு நாளு பட்டினி, நாலாவது நாளு குண்டானோட சோறு. இந்த தபா நாலு இட்லிய துன்னுட்டு, கம்முனு பஸ் ஏறி வந்துட்ட. அன்னிக்கே எனுக்குத் தெரிஞ்சுபோச்சு.

— என்ன தெரிஞ்சுச்சு?

— இது நிக்கும்னு.

— உனக்குத் தெரிஞ்சாப் போதுமா? எனக்குத் தெரிய வேண்டாமா?

— உனுக்குத் தெரியலைன்னுதான் தெரியுதே. இப்ப எப்டி உக்காந்துகினு வர, பாரு. பாதி சீட்டு காலியா கீது, நீ ஓரத்துல தொங்கினு வர.

— உனக்கு இடம் வேணும்லா.

— எனுக்கு இன்னொரு ஆள் உக்கார்ற அளவுக்கு இடம் கீதுடா. கம்பெனி கேட்டுல அந்த சுத்துற கம்பிக்குள்ள இன்னும் பக்கவாட்டுலதான் நுழையுற. நேராவே போலாம்.

— நேராப் போயி மாட்டிக்கிட்டேன்னா? பின்னாடி அம்பது பேரு நிப்பானுவ.

— மாட்ட மாட்ட. எழிச்சூர் வந்துச்சு, எழுது. இந்தா பேனா.

— ஒரு செட்டு லார்ஜ், ஒரு செட்டு டபுள் எக்ஸெல்னு கேட்டா என்ன?

— இன்னா ஓட்டலா, அதுல ஒண்ணு இதுல ஒண்ணுன்னு சொல்றதுக்கு? ரெண்டு செட்டும் ஒரே சைசுன்னு கீழ போட்டுகீறான், படி.

— அப்ப டபுள் எக்ஸெல்லே இருக்கட்டும். இங்க பாரு, இந்தச் சட்டைய. மூணு வருசப் பழசு. டபுள் எக்ஸெல். தொளதொளன்னா இருக்கு? கச்சிதமா இருக்குல்லா? அப்ப நான் அப்படியேதான இருக்கேன்?

— இசக்கி... ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?

— சொல்லு.

— அது இப்ப டபுள் எக்ஸெல் இல்ல.

— பொறவு?

— எங்க வூட்டு மாடியில நீ குடி வந்ததுலேர்ந்து, ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரு துணியையும் இஸ்திரிக்கு நான்தான எடுத்துகினு போறேன்?

— ஆமா.

— போற வழியிலதான் டெய்லர் ராமன் அண்ணன் கடை. பொங்கலுக்கு ஒரு தபா, மாசியில ஒரு தபா, போன மாசம் ஒரு தபா... உன் ரெண்டு சட்டையும் சைடு புடிச்சிட்டேன். நீ இளைக்க இளைக்க, அதுவும் இளைச்சிகினே வந்துச்சு. திட்டுறதுன்னா திட்டிரு.

— எதுக்கு டே அப்படிச் செஞ்ச?

— போன வருசம் ஆளாளுக்கு ‘இளைச்சிட்ட, இளைச்சிட்ட’ன்னு சொல்ல ஆரம்பிச்ச அப்புறந்தான நீ கண்டதையும் துன்ன? பூசை அன்னிக்கு மொட்டை மாடில இன்னா சொன்ன? இன்னொரு தபா எவனாவது இளைச்சிட்டன்னு சொன்னா, வேலைய வுட்டுட்டு ஊருக்கே போயிடுவேன்னு சொன்ன.

— அப்படிச் சொல்லும்போது... இத்தன நாளா என்னைய எப்படிப் பாத்துட்டு இருந்தானுவன்னு தோணும்லா.

— அதான் மச்சி. சட்டை தொங்குனாத்தான எவனும் கேப்பான்? ஊருக்கு மறைக்கலாம்னு பாத்தேன், உனுக்கே மறைச்சிட்டேன். தப்பு என்னுதுதான். டேய், ஒரகடம் கூட்டுரோடு வந்துருச்சு... லார்ஜ்னு போட்டுட்டு அந்தப் பைய எங்கிட்ட குடு.

— பை எதுக்கு?

— உள்ள இன்னா இருந்தாலும் பரவால்ல. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு நா துன்னா ஒண்ணும் ஆவாது. நாளிக்கி காலைல நாலு இட்லி துன்னுக்கலாம். ஆனா ஃபார்ம்ல மட்டும் பழைய சைசுக்குத் திரும்பப் போவாத...

— தின்னுத சாமான் இல்ல. பிரிச்சுப் பாரு.

— இன்னாடா இது... துணி? நீலக் கலர்ல, நீட்டு நீட்டா... நம்ம யூனிஃபார்ம் துணி மாரி கீது?

— மொதத் தையல்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, விலாவுல குத்துச்சுல்லா. மூணு தடவையும் நீ வந்துட்டுப் போன பொறவு ராமன் அண்ணன்ட்டப் போயி, ‘உள்ள மடிச்ச துணிய வெட்டிராதீங்க, திரும்பப் பெருத்தா பிரிச்சு விடணும்’னு சொல்லிட்டு வந்தேன். நேத்து நானாப் போயி வெட்டச் சொல்லிட்டேன் டே... தூரப் போடவும் மனசு வரல. சட்டையக் காட்டிக் கேட்டது, நீயாச் சொல்லுதியான்னு பாக்கத்தான். இந்தா, நீயே எழுது... லார்ஜ்.